நாலு அறைக் கட்டம்: நாலுக்கும் பொறுப்பு யார்?



இன்றைக்குப் பாம்பைப் பற்றி எழுதப்போகிறேன். "ரிட்டயர் ஆன பிறகு அத்தைக்கு வேற வேலையே இல்லையா?" என்று கேட்கப்போகும் மருமகப்பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இது பாம்புக் கதை மாதிரி தொடங்கும், போகப்போக நம் வீட்டுக்குள்ளும் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் இரண்டு கேள்வி அனுப்பியிருந்தான். பெயர் சொல்லமாட்டேன். அவனோடு எட்டாம் வகுப்பு 'பி' பிரிவில் படித்தவர்கள் ஊகித்துவிடுவீர்கள். ஊகித்தாலும் கமெண்டில் போடவேண்டாம். அவன் அங்கே சட்டப்படி இரண்டு மலைப்பாம்பு வளர்க்கிறான். இப்போது அவற்றை ஜோடி சேர்த்துக் குட்டி விற்கலாம் என்று ஆசை. என்ன நிறத்தில் குட்டி பிறக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல இணையத்தில் கால்குலேட்டர்கள் இருக்கின்றனவாம். அதில் தட்டிப் பார்த்திருக்கிறான். "அல்பினோ 25% என்று வருகிறது டீச்சர். எட்டு முட்டை இட்டால் இரண்டு அல்பினோ நிச்சயம்தானே?" இது முதல் கேள்வி. "ஸ்பைடர் என்று ஒரு வகை ஆண் பாம்பு விலைக்கு வருகிறது. அதை வாங்கினால் பாதிக் குட்டி ஸ்பைடராகவே பிறக்கும். வாங்கலாமா?" இது இரண்டாவது.

முதல் கேள்வி கணக்கு. இரண்டாவது கேள்வி கணக்கு இல்லை. அவனுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். எல்லாருக்கும் பயன்படும் என்று தோன்றியதால், அவனிடம் கேட்டுக்கொண்டு இங்கேயும் எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணக்குப் போட்டால் நாலு அறைக் கட்டம் ஒன்று வரும். நமக்குப் பிடித்த ஓர் அறையை மட்டும் பார்த்துவிட்டு ஜோடி சேர்க்கக்கூடாது. நாலு அறையில் எது பிறந்தாலும் பொறுப்பேற்கிறேன் என்று சொல்ல முடிந்தவர்தான் அந்த வேலையில் இறங்கலாம்.

முதலில் பாம்பை அறிமுகம் செய்கிறேன். ஆங்கிலத்தில் 'பால் பைத்தான்' என்பார்கள். பால் என்றதும் புற்றுக்கு ஊற்றும் பால் நினைவுக்கு வரவேண்டாம், இது பந்து. பயம் வந்தால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு உடம்பைப் பந்தாகச் சுருட்டிக்கொள்ளும். அதனால் நான் பந்துப்பாம்பு என்றே எழுதுகிறேன். விஷம் கிடையாது. மேற்கு ஆப்பிரிக்காவில் கானா, டோகோ, பெனின் பக்கமெல்லாம் புல்வெளியில் எலி வளைக்குள் வாழும். மூன்று முதல் ஐந்து அடி நீளம். காட்டில் கரும்பழுப்பும் தேன் நிறமுமாக, காய்ந்த சருகு மாதிரி இருக்கும். வளர்ப்பவர்கள் கையில் வந்தபின், எப்போதாவது ஒன்று நிறம் மாறிப் பிறந்ததைத் தேடிப்பிடித்து, அதிலிருந்து பெருக்கி, இன்று நூற்றுக்கணக்கான நிறமும் கோலமும் வந்துவிட்டன. இவற்றை 'மார்ஃப்' என்கிறார்கள். அல்பினோ என்றால் கருநிறம் அற்று மஞ்சளும் வெள்ளையுமாக, கண் சிவப்பாக இருக்கும். பைபால்ட் என்றால் உடம்பில் திட்டுத்திட்டாகத் தூய வெள்ளை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, எட்டாம் வகுப்பு வரை பாடம் எடுத்தவள். மெண்டல் பத்தாம் வகுப்பில்தான் வருவார். ஆனால் தாயம் விளையாடத் தெரிந்த யாருக்கும் மெண்டலைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். புளியங்கொட்டையை ஒரு பக்கம் தரையில் தேய்த்து வெள்ளையாக்கி உருட்டுவோமே, அதில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று தகப்பன் பாம்பு, ஒன்று தாய்ப் பாம்பு. கறுப்புப் பக்கம் சாதாரண நிறத்துக்கான ஜீன், வெள்ளைப் பக்கம் அல்பினோ ஜீன். ஒவ்வொரு பாம்பிடமும் இரண்டும் இருக்கின்றன. ஆனால் கறுப்பு ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு. அதனால் தாயும் தகப்பனும் பார்வைக்குச் சாதாரணப் பழுப்புதான். உள்ளே அல்பினோ ஜீனைச் சுமக்கின்றன. வளர்ப்பவர்கள் இப்படி மறைவாகச் சுமப்பதை 'ஹெட்' என்கிறார்கள்.

இப்போது உருட்டுங்கள். ஒரு கொட்டையில் எந்தப் பக்கம் மேலே விழுகிறதோ, அதுதான் அந்தப் பெற்றோரிடமிருந்து குட்டிக்குப் போகும் ஜீன். இரண்டும் கறுப்பு, ஒன்று கறுப்பு ஒன்று வெள்ளை, ஒன்று வெள்ளை ஒன்று கறுப்பு, இரண்டும் வெள்ளை என்று நாலு வழி. இரண்டும் வெள்ளையாக விழுந்தால் மட்டும் அல்பினோ. இந்த நாலையும் ஒரு சதுரத்தில் எழுதுவதுதான் புன்னட் கட்டம். இங்கிலாந்தில் ரெஜினால்ட் புன்னட் என்ற விஞ்ஞானி போட்டுக்காட்டியது. நமக்குக் கட்டம் என்றால் ஜாதகம், பன்னிரண்டு அறை. இதில் நாலே அறை. கால்குலேட்டரும் உள்ளே இந்தக் கட்டத்தைத்தான் போடுகிறது.

சரி, எட்டு முட்டையில் இரண்டு நிச்சயமா? இல்லை. கொட்டைகளை எட்டு முறை உருட்டினால் ஒருமுறைகூட இரண்டு வெள்ளை விழாமல் போகலாம். ஒரு முட்டை அல்பினோ ஆகாமல் இருக்கும் வாய்ப்பு முக்கால். முக்காலை எட்டு முறை பெருக்கினால் சுமார் 10% வரும். சரியாக இரண்டு அல்பினோ பொரிய வாய்ப்பு ஏறக்குறைய 31% மட்டுமே. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஆளுக்கு எட்டு முறை உருட்டினால், நாலு பேர் அளவுக்கு ஒன்றும் விழாமல் முழிப்பார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று பேருக்குத்தான் சொல்லிவைத்தாற்போல் இரண்டு விழும். மீதிப் பேருக்கு ஒன்று, மூன்று, நாலு என்று கலந்து வரும்.

மெண்டலின் பட்டாணியில் மட்டும் விகிதம் எப்படிச் சரியாக வந்தது என்று கேட்கலாம். பூ நிறத்துக்கு அவர் எண்ணியது 929 செடி. 705 ஊதா, 224 வெள்ளை. மூன்றுக்கு ஒன்று என்பதற்கு மிக அருகில். அதிகம் எண்ணினால் விகிதம் தெளியும். பந்துப்பாம்போ ஒருமுறைக்கு ஏழெட்டு முட்டை இட்டாலே அதிகம். 25% என்பது ஒவ்வொரு முட்டைக்கும் உரிய வாய்ப்பு. கூடை முட்டைக்கும் சேர்த்துக் கொடுத்த வாக்குறுதி இல்லை.

இதில் ஒரு விஷயத்தை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். புளியங்கொட்டைக்கு ஞாபகம் கிடையாது. போன தடவை என்ன விழுந்தது என்று அதற்குத் தெரியாது. மூன்று முறை தொடர்ந்து வெள்ளை விழுந்தாலும் நாலாவது முறையும் அதே நாலில் ஒன்றுதான்.

நம் வீட்டுக்குள் வரும் என்று சொன்னேனே, அது இந்த இடம். கணவன், மனைவி இருவரும் தலசீமியா என்ற ரத்தக் குறைபாட்டின் ஜீனை மறைவாகச் சுமப்பவர்களாக இருந்தால், அவர்களுக்கு ஒரு குறையும் வெளியே தெரியாது. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் கடுமையான நோய் வரும் வாய்ப்பு நாலில் ஒன்று. "மூத்ததுக்கு வந்துட்டுது, இனி மூணுக்கு வராது" என்று ஆறுதல் சொல்கிறோம். அது ஆறுதல்தான், கணக்கு இல்லை. இரண்டாவது குழந்தைக்கும் அதே நாலில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டும்போது, ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த அதே ஜீன் இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடும். யாரையும் குறை சொல்லவோ, யார் கல்யாணத்தையும் நிறுத்தவோ இதை எழுதவில்லை. ஜாதகக் கட்டம் பார்க்க ஒரு நாள் ஒதுக்குகிறோம். கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஒரு காலைப்பொழுது ஒதுக்கலாம். அவ்வளவுதான். திரும்பப் பாம்புக்கு வருகிறேன்.

எல்லா நிறமும் அல்பினோ மாதிரி ஒளிந்திருப்பதில்லை. கொல்லையில் அந்திமந்தாரை வைத்திருப்பவர்களுக்கு இது எளிது. சிவப்புப் பூச் செடியையும் வெள்ளைப் பூச் செடியையும் கலந்தால் இளஞ்சிவப்பு வரும். எதுவும் எதையும் முழுதாக அடக்குவதில்லை. பாடப்புத்தகத்தில் முழுமையற்ற ஓங்குதன்மை என்று படித்திருப்பீர்கள். பந்துப்பாம்பில் 'பேஸ்டல்' அப்படி. ஒரு ஜீன் இருந்தால் மஞ்சள் தூக்கலாகத் தெரியும். இரண்டு ஜீனும் அதுவாக இருந்தால் இன்னும் வெளிறி 'சூப்பர் பேஸ்டல்' ஆகும். 'மோஹாவி' என்ற வகையில் ஒரு ஜீன் இருந்தால் அழகான பழுப்பு. இரண்டு சேர்ந்தால் குட்டி உடம்பெல்லாம் வெள்ளை, கண் நீலம்! பழுப்புப் பாம்புகள் இரண்டு சேர்ந்து வெள்ளைக் குட்டி பெறுவதைப் பார்த்தால் நம் பாட்டிகள் ஏதோ தெய்வச் செயல் என்று சூடம் ஏற்றியிருப்பார்கள்.

இரண்டு பண்பைச் சேர்த்துப் பார்த்தால் கட்டம் பதினாறு அறை ஆகிவிடும். இதற்கு அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த 'கார்ன் ஸ்நேக்' நல்ல உதாரணம். அது செம்பழுப்பு நிறம். கருமையை அழிக்கும் ஒடுங்கு ஜீன் ஒன்று உண்டு. அது வந்தால் சிவப்பு மட்டும் மிஞ்சும். செம்மையை அழிக்கும் ஒடுங்கு ஜீன் வேறொன்று. அது வந்தால் கறுப்பும் சாம்பலும் மிஞ்சும். இந்த இரண்டு வகையையும் சேர்த்தால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாம் சாதாரண நிறம். அந்தக் குட்டிகளை வளர்த்துத் தங்களுக்குள் சேர்த்தால் பதினாறில் ஒன்றுக்குக் கருமையும் இல்லை, செம்மையும் இல்லை. பனி மாதிரி வெளுத்துப் பிறக்கும். 'ஸ்நோ' என்றே பெயர். மீதிப் பதினைந்து அறை? ஒன்பது சாதாரணம், மூன்று சிவப்பு, மூன்று சாம்பல். ஒரு ஸ்நோவுக்காக இத்தனை குட்டியும் பிறக்கும். இந்தப் பதினைந்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு கேட்பேன்.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தும் வளர்ப்பவர்கள் ஏமாறுகிறார்களே, ஏன்? கணக்கு தப்புவதில்லை, கணக்கில் போட்ட எண் தப்பாக இருக்கிறது.

ஓர் உதாரணம். அல்பினோவும் 'லாவெண்டர் அல்பினோ'வும் பார்க்க அக்கா தங்கை மாதிரி இருக்கும். இரண்டையும் சேர்த்தால் குட்டியெல்லாம் அல்பினோ என்றுதானே நினைப்போம்? குட்டிகள் எல்லாம் சாதாரணப் பழுப்பாகப் பொரியும். காரணம், இரண்டும் வேறு வேறு ஜீன். ஒன்றின் குறையை மற்றதின் நல்ல ஜீன் ஈடுசெய்துவிடும். அமெரிக்காவில் கிழக்கு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களே பங்கெடுத்த ஓர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. வளர்ப்பவர்கள் தபாலில் அனுப்பிய பாம்புச் சட்டைகளிலிருந்து டிஎன்ஏ எடுத்து, இந்த நிறங்களுக்கு எந்த எந்த ஜீன் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். மனிதர்களில் அல்பினிசத்துக்குக் காரணமான அதே ஜீன்கள்தான் அங்கேயும்! உரித்துப் போட்ட சட்டையை வைத்து ஒரு வகுப்பே ஆராய்ச்சி செய்திருக்கிறது. படிக்கும்போது எனக்குப் பொறாமையாக இருந்தது.

இன்னொன்று. பாதி ஆண், பாதி பெண் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். 'பனானா' என்ற மஞ்சள் வகையில் அது பொய்க்கும். பனானா ஆண் பாம்பு அந்த ஜீனைத் தன் தகப்பனிடமிருந்து பெற்றிருந்தால், அதற்குப் பிறக்கும் பனானாக் குட்டிகளில் பெரும்பாலானவை ஆண். தாயிடமிருந்து பெற்றிருந்தால் பெரும்பாலானவை பெண். ஜீன் பால்நிர்ணயக் குரோமோசோமில் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். பாம்புகளுக்கெல்லாம் பறவைகள் மாதிரிதான் பால்நிர்ணயம் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். போவா, மலைப்பாம்பு வகைகளில் நம்மைப் போல எக்ஸ்-ஒய் முறை இருப்பது 2017-இல்தான் ஆய்வில் உறுதியானது. பாம்பு வளர்ப்பவர்களின் நோட்டுப்புத்தகம் பாடப்புத்தகத்துக்கு முன்னே போன இடம் இது.

மூன்றாவது, தகப்பன் யார் என்பதே சந்தேகம் ஆகலாம். பெண் பாம்பு ஆணின் விந்தை வெகுநாள் உடம்பில் சேமித்து வைத்து முட்டையிட வல்லது. 2020-இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சிசாலையில் 62 வயது மதிக்கத்தக்க ஒரு பந்துப்பாம்பு, பல ஆண்டுகளாக ஆணின் வாசமே இல்லாமல் ஏழு முட்டை இட்டது. இணை சேராமலே முட்டையிடுவதும் பாம்பினத்தில் நடப்பதுண்டு. கட்டத்தில் தகப்பன் பெயரைத் தப்பாக எழுதினால் நாலு அறையும் தப்புதான்.

இனி விற்பனைக்கு வருவோம். ஹெட் இரண்டைச் சேர்த்துப் பிறந்த குட்டிகளில் பழுப்பாக இருப்பவற்றை '66% ஹெட்' என்று எழுதி விற்பார்கள். அல்பினோ அறையை நீக்கினால் மீதி மூன்று அறையில் இரண்டு சுமப்பவை, ஒன்று சுமக்காதது. அதுதான் அந்த 66%. இதில் பொய் இல்லை. ஆனால் வாங்குபவர் ஒரே ஒரு பாம்பை வாங்குகிறார். அந்தப் பாம்பிடம் ஜீன் இருக்கிறது அல்லது இல்லை. மூன்றில் இரண்டு பங்கு சுமக்கும் பாம்பு உலகத்தில் கிடையாது. சோதிக்க வேண்டுமென்றால், அது பெண்ணாக இருந்தால் மூன்று வருஷமாவது வளர்த்து அல்பினோவோடு சேர்க்கவேண்டும். சுமப்பதாக இருந்தால் பாதிக் குட்டி அல்பினோ. ஏழு குட்டியும் பழுப்பாகப் பொரிந்தால், அது சுமப்பதாக இருந்தும் அப்படி நடக்கும் வாய்ப்பு 128-இல் ஒன்றுதான். இல்லை என்று எண்ணிக்கொள்ளலாம். இப்போது பல வகைகளுக்குச் சட்டையை அனுப்பினாலே பரிசோதித்துச் சொல்லிவிடுகிறார்கள். என் மாணவனிடம் சொன்னேன்: பரிசோதனைச் சீட்டு இல்லாமல் ஹெட் என்று சொல்லி வாங்காதே, நீயும் விற்காதே.

இப்போது இரண்டாவது கேள்வி. ஸ்பைடர்.

தேன் நிற முதுகில் சிலந்தி வலை இழுத்தாற்போல் மெல்லிய கறுப்புக் கோடுகள். படத்தில் பார்த்தேன், அழகுதான். ஆப்பிரிக்காவிலிருந்து 1999-இல் வந்த ஒரு பாம்பிலிருந்து தொடங்கிய வம்சம் என்கிறார்கள். ஒரு ஜீன் இருந்தாலே கோலம் வெளியே தெரியும். அதனால் ஒரு ஸ்பைடரைச் சாதாரணப் பாம்போடு சேர்த்தால் பாதிக்குப் பாதி ஸ்பைடர். கால்குலேட்டருக்கு இதைவிட எளிய கணக்குக் கிடையாது. விற்பவருக்கும் இதைவிட எளிய வருமானம் கிடையாது.

ஆனால் அந்தக் கோலத்தோடு கூடவே ஒரு நோயும் வருகிறது. தலை ஆடும். சில பாம்புக்கு லேசாக, சிலவற்றுக்குப் பலமாக. இரையைக் குறி வைத்தால் குறி தவறும். தலை திருகிக்கொண்டு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் தவிக்கும். கவிழ்த்துவிட்டால் நிமிரச் சிரமப்படும். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம் பழமொழி. இங்கே பாம்பே நடுங்குகிறது.

காரணம் உள்செவி. பாம்பைக் கட்செவி என்று அழைத்தார்கள் நம் முன்னோர். கண்ணே காது என்று பொருள். வெளியே காது தெரியாவிட்டாலும் உள்ளே உள்செவி உண்டு. உடம்பின் சமநிலையைக் காப்பது உள்செவிதான் என்று நான் வகுப்பில் உங்களைக் கிறுகிறுவென்று சுற்றவிட்டு நிறுத்திச் சொல்லிக்கொடுத்தது ஞாபகம் இருக்கிறதா? 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஸ்பைடர் பாம்புகளையும் சாதாரணப் பாம்புகளையும் சிடி ஸ்கேன் எடுத்து ஒப்பிட்டார்கள். ஸ்பைடர்களின் உள்செவி வேறு வடிவத்தில் இருந்தது. அந்தப் பாம்புகளுக்கு நீங்கள் சுற்றி நின்ற அந்த அரை நிமிஷம் வாழ்நாள் முழுக்க. கோலமும் கிறுகிறுப்பும் பிரிக்க முடியாமல் ஒன்றாக வருவதால், 'நல்ல வம்சமாகப் பார்த்து வாங்கினால் சரியாகிவிடும்' என்பது நடக்காது. இரண்டு ஸ்பைடர்களைச் சேர்த்தால் இரண்டு ஜீனும் பெற்ற குட்டி முட்டையிலேயே இறந்துவிடுகிறது என்பது வளர்ப்பவர்களில் பெரும்பாலோரின் கருத்து.

மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். ஸ்பைடர் வளர்ப்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சர்கள் இல்லை. "நன்றாகச் சாப்பிடுகிறது, பல வருஷம் வாழ்கிறது, குட்டியும் போடுகிறது, வலி இருப்பதாகத் தெரியவில்லை" என்கிறார்கள். ஏற்கெனவே பிறந்துவிட்ட ஸ்பைடர் ஒன்றை வீட்டில் வைத்துப் பரிவோடு பார்த்துக்கொள்பவர்களை நான் கும்பிடுகிறேன். பிறந்ததைக் காப்பது தர்மம். அப்படிப் பிறக்கும் என்று தெரிந்தே, அளந்து, நாள் குறித்துப் பிறக்கவைப்பது வேறு. பாம்பால் அழமுடியாது, முகம் சுளிக்கமுடியாது. வலி தெரியவில்லை என்பதற்காக வலி இல்லை என்று முடிவு கட்டக்கூடாது. சாப்பிடுகிறதே என்பது அளவுகோல் ஆனால், மூச்சுத் திணறியபடி சோறு தின்னும் சப்பை மூக்கு நாய்களையும் நலம் என்றுதான் சொல்லவேண்டும். பிரிட்டனில் ஊர்வன வளர்ப்பவர்களின் ஒரு பெரிய சங்கமே தன் கண்காட்சிகளில் ஸ்பைடர் விற்பனையைத் தடை செய்துவிட்டது. இந்தப் பாம்பை நேசிக்கிறவர்களே எடுத்த முடிவு அது.

வெறும் தற்செயலாக ஒரு குட்டி நோயோடு பிறந்தால் யாரையும் பழிக்கமுடியாது. முன்பே தெரியும் என்னும்போது பழி வருகிறது. கணக்கு நமக்கு முன்னறிவைக் கொடுத்தது. முன்னறிவு வந்த நிமிஷம் 'எனக்குத் தெரியாதே' என்ற சாக்குப் போய்விட்டது. விஞ்ஞானம் படிப்பதன் விலையே இதுதான் என்று நினைக்கிறேன்.

முன்பு சொன்ன அந்தப் பதினைந்து அறைகளை இப்போது கேட்கிறேன். ஒரு ஸ்நோ வேண்டும் என்று சேர்த்தவர் மீதிக் குட்டிகளை என்ன செய்வார்? பழுப்புக் குட்டிக்கு விலை இல்லை. விலை இல்லாததற்குப் பராமரிப்பும் குறையும். இன்று விலையுள்ள நிறத்துக்கும் நாளை இதே கதிதான். அல்பினோவும் பைபால்டும் முதலில் வந்தபோது பல ஆயிரம் டாலருக்குப் போனவை. பெருகப் பெருக இன்று சில நூறு டாலருக்குக் கிடைக்கின்றன. முட்டை பொரிய ஏறத்தாழ அறுபது நாள். ஆசை அறுபது நாள் என்று சும்மாவா சொன்னார்கள்! பாம்பு வாழ்வதோ இருபது, முப்பது வருஷம். அத்தனை வருஷமும் அதற்குச் சூடும் ஈரமும் இரையும் வைத்தியமும் கொடுக்க ஓர் ஆள் வேண்டும்.

இதைப் படித்துவிட்டு இங்கே யாருக்காவது ஆசை வந்தால் ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பாம்பைப் பிடித்து வளர்ப்பது 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டுப் பந்துப்பாம்பு சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. 2022-இல் திருத்திய சட்டப்படி அரசிடம் பதிவு செய்யாமல் வைத்திருக்கக்கூடாது. சென்னை, திருச்சி விமான நிலையங்களில் பெட்டிக்குள் துணிப்பையில் கட்டி அடைத்துக் கொண்டுவந்த பாம்புக்குட்டிகளைச் சுங்கத்துறையினர் பிடித்ததாக அவ்வப்போது செய்தி வருகிறது. 'அழகா இருக்கே, எவ்வளவு?' என்று கேட்பவர் இருப்பதால்தான் அந்தப் பெட்டி விமானம் ஏறுகிறது.

என் மாணவனுக்கு நான் எழுதிய பதிலின் சாரம் இது. "தம்பி, கால்குலேட்டர் தப்பில்லை, அதை உபயோகி. ஆனால் அதை மூடிவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் நீயே கட்டம் போடு. ஒவ்வோர் அறையிலும் என்ன குட்டி என்று எழுது. அதன் கீழே மூன்று கேள்விக்குப் பதில் எழுது. இது நோயில்லாமல் வாழுமா? யாரும் வாங்காவிட்டால் நான் வைத்து வளர்ப்பேனா? வாங்குபவரிடம் இதைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் சொல்லுவேனா? எல்லா அறையிலும் மூன்றுக்கும் 'ஆம்' என்று எழுதமுடிந்தால் ஜோடி சேர். அல்பினோ ஜோடிக்கு உன்னிடம் இடமும் பொறுமையும் இருந்தால் எழுதமுடியும். ஸ்பைடருக்கு முதல் கேள்வியிலேயே பேனா நின்றுவிடும். அதனால் வாங்காதே."

ஒரு நாள் கழித்து அவன் பதில் வந்தது. ஸ்பைடர் வேண்டாம் என்று விற்பவரிடம் சொல்லிவிட்டானாம். அல்பினோவுக்குக் கட்டம் போட்டிருக்கிறானாம். பழுப்புக் குட்டி அறையின் கீழே 'ஆறு குட்டிவரை நான் வளர்ப்பேன், அதற்கு மேல் இடம் இல்லை' என்று எழுதி, அந்தத் தாளைப் படமெடுத்து அனுப்பியிருந்தான். இந்த வருஷம் ஜோடி சேர்ப்பதில்லை, முதலில் இடத்தைச் சரிசெய்கிறேன் என்கிறான். பதிலில் ஓர் எழுத்துப்பிழை இருந்தது. அதற்கும் சேர்த்தே 'சரி' போட்டுவிட்டேன்.

உங்களில் நாய், பூனை, புறா, கலர் மீன் என்று ஏதாவது ஜோடி சேர்த்துப் பெருக்குபவர்கள் இருந்தால், நீங்களும் ஒரு தாள் எடுத்துக் கட்டம் போட்டுப்பாருங்கள். எந்த அறையில் பேனா நின்றது என்று எனக்கு எழுதுங்கள். மாற்றுக் கருத்து இருந்தாலும் தாராளமாகச் சொல்லுங்கள். என் வகுப்பில் எதிர்த்துக் கேள்வி கேட்டதற்காக யாரும் பெஞ்சு மேல் ஏறியதில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்